3 வருஷம் இசையமைக்க முடியாமல் தவித்த ரக்மானினோவ்... டாக்டரிடம் போன பிறகு என்ன நடந்தது?

உலகம் முழுக்க இன்றைக்கும் மேடைகளில் அதிகம் ஒலிக்கும் பியானோ படைப்புகளில் ஒன்று, ரஷ்ய இசையமைப்பாளர் செர்கேய் ரக்மானினோவின் 2-வது பியானோ கான்செர்ட்டோ. பெயர் தெரியாவிட்டாலும் காதில் விழுந்திருக்கலாம். 1975-ல் எரிக் கார்மென் பாடி ஹிட்டான ஆல் பை மைசெல்ஃப் பாடலின் மெட்டு, இதன் 2-வது பகுதியில் இருந்து எடுக்கப்பட்டதுதான்.

இந்த கான்செர்ட்டோ ஒருவருக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டிருக்கிறது. அவர் காதலியும் இல்லை, இளவரசரும் இல்லை, இசை குருவும் இல்லை. நிகோலாய் தால் என்கிற மாஸ்கோ டாக்டர். ஒரு இசைமேதை தன் மிகப் புகழ்பெற்ற படைப்பை ஏன் ஒரு டாக்டருக்குக் கொடுத்தார்?

சின்ன வயசிலேயே தொடர் அடிகள்

ரக்மானினோவ் 1873-ல் ரஷ்யாவின் நோவ்கோரோத் பகுதியில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் அந்த வசதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அப்பா குடும்பச் சொத்துகளை ஒவ்வொன்றாகக் கரைத்துவிட்டார். நிலபுலன் எல்லாம் போய், குடும்பம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குடியேறியது. அங்கே அக்கா சோஃபியா டிப்தீரியாவில் இறந்தார். அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். 1885-ல் இன்னொரு அக்கா யெலெனாவும் ரத்தசோகை நோயில் இறந்துபோனார்.

படிப்பில் பையன் சறுக்கினான். அவனை மாஸ்கோவுக்கு அனுப்பச் சொன்னது, உறவினரும் பியானோ கலைஞருமான அலெக்சாண்டர் சிலோட்டி. அங்கே நிகோலாய் ஸ்வெரெவ் என்ற கண்டிப்பான ஆசிரியரின் வீட்டிலேயே தங்கிப் படிப்பு. காலை 6 மணிக்கே பியானோ முன்னால் உட்கார வேண்டும்.

அந்தப் பயிற்சி பலன் தந்தது. 1892-ல் மாஸ்கோ இசைக்கல்லூரியின் உயரிய தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். சைகோவ்ஸ்கியே பாராட்டினார். அப்போது வயசு 19. எல்லாரும் அடுத்த பெரிய ஆள் இவர்தான் என்று நினைத்தார்கள்.

ஒரே ராத்திரியில் எல்லாம் மாறியது

1895-ல் தன் முதல் சிம்பொனியை எழுதி முடித்தார். 1897 மார்ச்சில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேற்றம். 24-வது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தன.

கச்சேரி படுதோல்வி. அதே நிகழ்ச்சியில் வேறு புதிய படைப்புகளும் இருந்ததால் ஒத்திகைக்கு நேரம் போதவில்லை. நடத்திய அலெக்சாண்டர் கிளசுனோவ் அந்த இசையை உள்வாங்கவே இல்லை. அன்று அவர் குடித்திருந்தார் என்று ரக்மானினோவின் மனைவி பிற்காலத்தில் சொன்னதுண்டு. அதை உறுதி செய்ய வழியில்லை. தன் இசை சிதைவதைத் தாங்க முடியாமல் ரக்மானினோவ் அரங்கத்தின் படிக்கட்டில் ஒளிந்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்து விமர்சனம். இசையமைப்பாளரும் விமர்சகருமான சீஸர் குய், இது நரகத்தில் இருக்கும் இசைக்கல்லூரிக்குத்தான் பொருத்தம் என்கிற அளவுக்குக் கிழித்துத் தொங்கவிட்டார். ரக்மானினோவ் உயிரோடு இருந்தவரை அந்த சிம்பொனி மறுபடி மேடையேறவே இல்லை.

வெளியே பிஸி, உள்ளே வெறுமை

அதற்கப்புறம் ஏறத்தாழ 3 வருஷம், சில சின்னத் துண்டுகள் தவிர அவரால் எதுவும் எழுத முடியவில்லை. ஆனால் அவர் மூலையில் முடங்கிக் கிடக்கவும் இல்லை. கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்.

பிழைப்புக்காகப் பியானோ வகுப்பு எடுத்தார். அந்த வேலை அவருக்குப் பிடிக்காது. தொழிலதிபர் சாவா மாமொன்தோவின் ஓபரா கம்பெனியில் ஒரு சீசன் கண்டக்டராக இருந்தார். நல்ல பெயர் கிடைத்தது. பாடகர் ஃபியோதர் சாலியாபினின் வாழ்நாள் நட்பும் அங்கேதான் தொடங்கியது. 1899-ல் லண்டன் போய்க் கச்சேரி செய்தார். அங்கே புதிதாக ஒரு கான்செர்ட்டோ எழுதித் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டு வந்தார்.

வெளியில் இருந்து பார்த்தால் ஓடியாடி வேலை செய்யும் இளைஞர். ஊர் திரும்பி எழுத உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் வராது. தன்னம்பிக்கை சுத்தமாகப் போயிருந்தது. தூக்கம், பசி, மனநிலை எல்லாமே பாதிக்கப்பட்டிருந்தன. வேலைக்குப் போகிறார், சிரித்துப் பேசுகிறார், அதனால் நல்லாத்தான் இருக்கிறார் என்று யாரைப் பற்றியும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு இது ஒரு பழைய உதாரணம்.

டால்ஸ்டாய் வீட்டில் கிடைத்த அட்வைஸ்

வீட்டாரும் நண்பர்களும் சும்மா இருக்கவில்லை. பெரிய மனிதர் ஒருவர் நாலு நல்ல வார்த்தை சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். ரக்மானினோவ் தெய்வம் மாதிரி மதித்த எழுத்தாளர் லியோ டால்ஸ்டாயைச் சந்திக்க ஏற்பாடு ஆனது.

டால்ஸ்டாய் அக்கறையாகத்தான் பேசினார். தினமும் உட்கார்ந்து வேலை செய், தானாக வரும் என்பதுதான் அவர் அறிவுரையின் சாரம். இன்னொரு நாள் சாலியாபினோடு போய், தான் இசையமைத்த பாடல் ஒன்றை அவர் முன்னால் வாசித்துக் காட்டினார் ரக்மானினோவ். இந்த மாதிரி இசை யாருக்காவது தேவையா என்கிற அர்த்தத்தில் டால்ஸ்டாய் கேட்டுவிட்டார். பிறகு வருத்தம் தெரிவித்தாலும், விழுந்த அடி விழுந்ததுதான். ரக்மானினோவ் அந்த வீட்டுப் பக்கம் அப்புறம் போகவில்லை.

டால்ஸ்டாய் கெட்டவர் இல்லை. உலகமே கொண்டாடிய எழுத்தாளர். ஆனால் உடைந்த மனசைக் கையாளும் பயிற்சி அவருக்கு இல்லை. உழைத்தால் சரியாகும் என்பது, உழைக்கவே முடியாத நிலையில் இருப்பவருக்கு உதவாது.

டாக்டர் தால் என்ன செய்தார்?

அப்போது ரக்மானினோவ் தன் உறவினர்களான சாட்டின் குடும்பத்தோடு நெருக்கமாக இருந்தார். டாக்டர் தாலைப் பார்க்கச் சொன்னது அவர்கள்தான். ரக்மானினோவ் சம்மதித்தார்.

1900 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் சந்திப்பு. மனநல சிகிச்சை என்பதே புதுசாக இருந்த காலம் அது. ஃப்ராய்டின் கனவுகள் பற்றிய நூல் அச்சாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மனச்சோர்வுக்கு மாத்திரைகள் வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

தால் பயன்படுத்தியது ஹிப்னாடிசமும் பேச்சும். ரக்மானினோவ் நாற்காலியில் அரைத்தூக்கத்தில் சாய்ந்திருப்பார். கான்செர்ட்டோவை எழுதத் தொடங்குவாய், சுலபமாக வரும், நன்றாக வரும் என்ற கருத்தை டாக்டர் தினமும் திரும்பத் திரும்பச் சொல்வார். முதலில் தூக்கத்தையும் பசியையும் சரி செய்வது, கூடவே எழுதும் ஆசையை மறுபடி கிளப்புவது. இதுதான் திட்டம்.

தால் இசை ரசிகர், தானே வயோலா வாசிப்பவர். அதனால் இருவரும் இசை பற்றி நிறையப் பேசினார்கள். பலன் தந்தது ஹிப்னாடிசமா, நம்பிக்கையோடு ஒருவர் தினமும் காது கொடுத்துக் கேட்டதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இன்றைய சிகிச்சை முறைகளும் வேறு. ஆனால் 4 மாதம் விடாமல் போனார் என்பது மறுக்க முடியாதது.

மறுபடி எழுதினார், ஆனால்...

அந்தக் கோடையில் இத்தாலி போனவர், எழுதத் தொடங்கிவிட்டார். கான்செர்ட்டோவின் 2-வது, 3-வது பகுதிகள் முதலில் முடிந்து, 1900 டிசம்பரில் மேடையேறின. முதல் பகுதியையும் சேர்த்து முழுசாக அரங்கேறியது 1901 நவம்பரில், மாஸ்கோவில். பியானோவில் ரக்மானினோவ், நடத்தியவர் சிலோட்டி. பெரிய வெற்றி.

சிகிச்சை முடிந்ததும் பயம் எல்லாம் ஓடிப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். முழு அரங்கேற்றத்துக்குச் சில நாள் முன்னால்கூட, முதல் பகுதி சரியில்லை, எல்லாம் பாழாகிவிட்டது என்று நண்பருக்குப் புலம்பிக் கடிதம் எழுதியிருக்கிறார். வித்தியாசம் என்னவென்றால், இந்த முறை சந்தேகத்தோடேயே மேடை ஏறிவிட்டார்.

1902-ல் சாட்டின் குடும்பத்துப் பெண் நதாலியாவைத் திருமணம் செய்தார். முதல் சிம்பொனி தோற்ற அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1908-ல் 2-வது சிம்பொனியை அரங்கேற்றி ஜெயித்தார். புரட்சிக்குப் பிறகு 1917 டிசம்பரில் ரஷ்யாவை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் உலகின் முன்னணி பியானோ கலைஞர்களில் ஒருவராக வாழ்ந்தார். தன் படைப்புகள் மீதான சந்தேகம் கடைசி வரை கூடவே இருந்தது. 4-வது கான்செர்ட்டோவைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே இருந்தார். 1943 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் காலமானார்.

தோல்வியடைந்த சிம்பொனி என்ன ஆச்சு?

ரக்மானினோவ் விட்டுவிட்டு வந்த முதல் சிம்பொனியின் மூலப்பிரதி தொலைந்துபோனது. ஆனால் 1897-ல் கலைஞர்கள் வாசித்த தனித்தனித் தாள்கள் லெனின்கிராட் இசைக்கல்லூரி நூலகத்தில் கிடைத்தன. அவற்றை வைத்து மொத்த இசையையும் மீட்டெடுத்தார்கள். 1945 அக்டோபரில் மாஸ்கோவில் மறுபடி ஒலித்தபோது பலத்த வரவேற்பு. இப்போது உலகின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் அதை வாசிக்கின்றன.

தன் 22 வயசுப் படைப்பு அவ்வளவு மோசம் இல்லை என்பதைப் பார்க்க ரக்மானினோவ் உயிரோடு இல்லை. அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருந்திருந்தால் 2-வது கான்செர்ட்டோவே வந்திருக்காது.

எப்போது உதவி தேட வேண்டும்?

2 வாரத்துக்கு மேல் தொடரும் சோகம் அல்லது எதிலும் ஆர்வமின்மை, தூக்கம் - பசியில் மாற்றம், வழக்கமான வேலையைச் செய்ய முடியாத நிலை இருந்தால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்ப்பது நல்லது. மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண்: 14416. தமிழிலும் பேசலாம்.