ஜோன் லோகி பெயர்ட்: கோடுகளில் முகம் காட்டியவர்

சென்ற வருடம் ஓர் அக்கா பென் டிரைவ் ஒன்றோடு என்னிடம் வந்தார். 2005இல், சமாதான காலத்தில், கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் புதிதாக வாங்கிய எச்டி கமராவில் எடுத்த கலியாண வீடியோ அதில் இருந்தது. அவருடைய தம்பி பந்தலைக் கடக்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான். ஒரு செக்கன்கூட வராது. 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்தத் தம்பிக்கு என்ன நடந்தது என்று எவரும் சொல்லவில்லை. போராட்டப் பந்தலில் அக்கா பிடித்துக்கொண்டிருப்பது அடையாள அட்டைப் படத்தின் கொப்பிக்குக் கொப்பி. இந்த வீடியோவிலிருந்து தெளிவாக ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

நிறுத்திப் பார்த்தேன். முகம் சீப்புப் பல் போலக் கிழிந்து நின்றது. கலியாண வீடியோ வெட்டி ஒட்டும் எங்களுக்கு இது பழகிய தலையிடிதான். அந்தக் கமரா ஒரு முழுப் படத்தை ஒரே நேரத்தில் பதிவதில்லை. 1080 கோடுகளில் ஒற்றைக் கோடுகளை முதலிலும், செக்கனில் அறுபதில் ஒரு பங்கு கழித்து இரட்டைக் கோடுகளையும் பதிகிறது. இதுதான் இன்ரர்லேஸ். அந்த இடைவெளிக்குள் தலை அசைந்துவிட்டால் இரண்டு பாதிகளும் பொருந்தாது.

ஒரு படத்தை ஏன் இப்படி இரண்டாகக் கிழித்து வைத்தார்கள் என்று தேடிப்போன இடத்தில்தான் பெயர்ட்டின் வாழ்க்கைக்குள் நுழைந்தேன். பள்ளிக்கூடத்தில் பொது அறிவுக் கேள்விக்கு ஒரு சொல் விடையாக மட்டும் அவரை மனப்பாடம் செய்திருந்தேன்.

1888 ஓகஸ்ட் 13ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் ஹெலன்ஸ்பரோவில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். வாழ்நாள் முழுக்க நோயாளி. முதலாம் உலகப் போரில் படைக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டார். குளிருக்குப் போடும் உள்காலுறை விற்றார். ட்ரினிடாட் போய் ஜாம் காய்ச்சினார், பூச்சி பறந்து வந்து விழுந்தது. திரும்பி வந்து சவர்க்காரம் விற்றார். எதுவும் நிலைக்கவில்லை. 1923இல் உடல் தேற ஹேஸ்டிங்ஸ் கடற்கரை நகருக்குப் போனவர், தேயிலைப் பெட்டி, பிஸ்கட் தகரம், தையல் ஊசி, சைக்கிள் விளக்கின் கண்ணாடி என்று கிடைத்ததையெல்லாம் அரக்காலும் பசையாலும் ஒட்டி ஒரு கருவி செய்தார். இடையில் மின்சாரம் தாக்கியது. வீட்டுக்காரர் எழும்பச் சொல்லிவிட்டார்.

லண்டன் சோஹோவில் ஒரு மாடி அறையில், 1925 ஒக்டோபர் 2ஆம் திகதி, ஒரு பொம்மையின் முகம் ஒளி நிழலோடு திரையில் தெரிந்தது. உடனே கீழ்மாடிக்கு ஓடி, அங்கு வேலை செய்த 20 வயதுப் பெடியன் ஒருவனைக் கூட்டிவந்து விளக்குகளுக்கு முன் இருத்தினார். விளக்கின் சூட்டுக்குப் பயந்து விலகியவனுக்குக் காசு கொடுத்து மறுபடி இருத்தவேண்டியிருந்தது. 1926 ஜனவரி 26ஆம் திகதி அறிஞர்கள் முன்னிலையில் காட்டினார். வெறும் 30 கோடுகள். ஆனால் மனித முகம் என்று அடையாளம் தெரிந்தது.

பத்து வருடத்தில் போட்டி வந்தது. 1936 நவம்பர் 2ஆம் திகதி பிபிசி அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அதை எச்டி, அதாவது ஹை டெஃபினிஷன் என்றே அழைத்தார்கள். 240 கோடுகளுக்குக் குறையாதது என்பதே அப்போது அதற்கு அர்த்தம். பெயர்ட்டின் முறையில் 240 கோடுகள். செக்கனுக்கு 25 முழுப் படங்கள். மேலிருந்து கீழே வரிசையாக. எதிரே மார்க்கோனி-ஈஎம்ஐ கம்பனி. அவர்களுக்கு 405 கோடுகள். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்துச் செக்கனுக்கு 50 பாதிப் படங்கள். முழுப் படமாக 25 தடவை மட்டும் மின்னினால் கண் கூசும். 50 முழுப் படங்களை அனுப்பினால் அலைவரிசை தாங்காது. அதற்கான குறுக்கு வழிதான் இந்தப் பாதி. 50 என்ற எண் அந்த நாட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸுக்கு ஒத்துப்போனது. எங்கள் தொலைக்காட்சியின் 25 படங்கள் அந்த வழியில் வந்தவை. அமெரிக்காவிலும் கனடாவிலும் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். அதனால்தான் கனடாக் கமராவின் வீடியோ எங்கள் கணக்குக்கு ஒத்துவருவதில்லை.

நேர்மையாகச் சொன்னால் பெயர்ட் தோற்கவேண்டிய போட்டி அது. அவருடைய ஸ்ரூடியோ கமரா படத்தைப் பிலிமில் எடுத்து, பக்கத்திலேயே ஒரு நிமிடத்துக்குள் கழுவி அனுப்பியது. கழுவும் தொட்டியோடு பிணைந்த கமராவை அசைக்க முடியாது. நவம்பர் 30 இரவு கிறிஸ்டல் அரண்மனை தீப்பிடித்து அவருடைய ஆய்வுகூடமும் எரிந்தது. 1937 பெப்ரவரியில் பிபிசி மற்ற முறையைத் தெரிந்தெடுத்தது.

1939 செப்டெம்பர் 1ஆம் திகதி, போர் நெருங்கியதால், ஒளிபரப்பே நிறுத்தப்பட்டது. கம்பனி நொடித்தது. மனைவி மார்கரெட்டும் இரண்டு பிள்ளைகளும் கோர்ன்வோல் கரையோரத்துக்குப் போனார்கள். அவர் குண்டு விழும் லண்டனில் இருந்துகொண்டு சொந்தக் காசில் ஆராய்ச்சி செய்தார். 1944 ஓகஸ்ட் 16ஆம் திகதி 600 கோடுகளில் வர்ணத் தொலைக்காட்சிக் குழாயைக் காட்டினார். அதில் அவரும் இன்ரர்லேஸைத்தான் பயன்படுத்தினார், மூன்றாகப் பிரித்து. 1946 ஜூன் 7ஆம் திகதி ஒளிபரப்பு மீண்டும் தொடங்கியது. ஒரு கிழமை கழித்து, 14ஆம் திகதி, பெயர்ட் இறந்தார். வயது 57.

1927, 28இல் அவர் இசைத்தட்டுகளில் படத்தைப் பதிந்து பார்த்திருந்தார். அவற்றிலிருந்து ஒழுங்கான படத்தை அவரால் எடுக்க முடியவில்லை. 1980களிலிருந்து டொனால்ட் மக்லீன் என்ற பொறியியலாளர் கணினியால் அவற்றை மீட்டார். தட்டுகளை யாரும் எறியாமல் வைத்திருந்தபடியால் அது முடிந்தது.

அக்காவின் கோப்பில் முதலில் பிழைவிட்டவன் நான்தான். மென்பொருள் தானாகக் காட்டிய வழியில் போய்ப் பாதிக் கோடுகளை எறிந்து, 25 படங்களாக மாற்றினேன். தம்பியின் நடை வெட்டி வெட்டி வந்தது. பிறகு இடைப்படங்களை ஊகித்து உருவாக்கும் முறையைப் போட்டேன். நடை வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் கைவிரல்கள் உருகி ஒட்டின. அந்தப் படங்களை எந்தக் கமராவும் எடுக்கவில்லை. சாட்சியாகக் காட்டவேண்டி வரக்கூடிய வீடியோவில் அதைச் செய்யக்கூடாது என்று அழித்துவிட்டேன். ஒவ்வொரு பாதியையும் தனிப் படமாக விரித்து, செக்கனுக்கு 59.94 என்ற அதன் சொந்த வேகத்திலேயே விட்டேன். போனிலும் கணினியிலும் பார்ப்பதற்கு அதை மாற்றவேண்டியதில்லை.

முகத்துக்காக அந்தப் பாதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். திரும்பும் தலை மறுபடி முன்னே போகுமுன் ஒரு கணம் நிற்கும். அந்த இடத்தில் அடுத்தடுத்த இரண்டு பாதிகள் பொருந்தின. பின்னிச் சேர்த்தபோது 1080 கோடுகளும் கிடைத்தன. அசைந்துகொண்டிருந்த கையில் மட்டும் சீப்பு விழுந்தது. அங்கே ஒரு பாதியோடு நின்றுகொண்டேன். கண்ணைக் கூர்மையாக்கித் தருவதாகச் சொல்லும் கருவியைத் தொடவில்லை.

அச்சடித்ததை அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. சின்ன வயதில் கிணற்றுக் கட்டில் விழுந்தது என்றார். அடையாள அட்டைப் படத்தில் அது தெரியாது.

மூலக் கோப்பை மாற்றாமல் இரண்டு கொப்பி எடுத்தோம். ஒன்று அவரிடம். மற்றது கனடாவில் இருக்கும் உறவினரிடம்.