கலங்கல் தந்த கைவல்லார்

இம்மலருக்கு அறிவியலார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருக என்று மன்றத்தார் பணித்தனர். இராமன், சந்திரசேகர் முதலிய பெரும் பெயர்கள் நினைவிற்கு வந்தன. அவர்களைப் பற்றிப் பாடநூல்களே நிரம்பப் பேசுகின்றன. கல்லூரி வாயிலை மாணவராக மிதிக்காத ஒருவரைப் பற்றி எழுதவே என் மனம் விரும்பிற்று. அவர்தாம் கோபால்சாமி துரைசாமி நாயுடு, ஜி. டி. நாயுடு என்றால் கோவையில் அறியாதார் இலர்.

கோவைக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பள்ளி அவருக்கு வேம்பாய்க் கசந்தது. ஆசிரியர் மீது மணலை வாரி இறைத்துவிட்டு ஓடினார் என்றொரு கதை கொங்கு நாட்டில் வழங்குகிறது. தொடக்கப் படிப்பைத் தாண்டாத அவர், பிறகு தாமே நூல்களைத் தேடிப் படித்தார்.

மாட்டு வண்டிகளே ஓடிய அக்காலத்தில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததை இளைஞர் துரைசாமி கண்டார். இழுக்க மாடில்லை, மிதிக்கக் காலில்லை. ஆயினும் வண்டி ஓடுகிறதே! அந்த வியப்பு அவரை உறங்க விடவில்லை. ஊரார் பலரும்தாம் அவ்வண்டியைப் பார்த்திருப்பர். பார்த்தார்கள், வியந்தார்கள், மறந்தார்கள். இவரோ கோவைக்கு நடையைக் கட்டி, ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். இலை போட்டும் தண்ணீர் ஊற்றியும் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 300 ரூபாய் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கிவிட்டார்!

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றினார் என்று எண்ணாதீர்கள். உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். கற்றுக்கொடுக்க ஆசிரியரும் இல்லை, வழிகாட்டும் பட்டறையும் இல்லை. இதன் அருமை கையில் எண்ணெய் பட்டவருக்கே விளங்கும். பெட்ரோல் ஆவியும் காற்றும் தக்க அளவில் கலக்க வேண்டும். உந்து தண்டு மேலேறி அக்கலவையை அழுத்தும் நேரத்தில் பொறி பாய வேண்டும். வால்வுகள் முறை தவறாமல் திறந்து மூட வேண்டும். ஒன்று பிசகினாலும் எஞ்சின் இருமி இருமி நின்றுவிடும். பிரிப்பதற்குத் திருப்புளி போதும். பூட்டுவதற்கு அறிவு வேண்டும்.

இங்கே என் சொந்தக் கதையைச் சிறிது சொல்லிக்கொள்ள இடம் தருக. இராமநாதபுரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடி அந்தமானுக்கு வந்த தச்சர் என் தந்தையார். அப்போது எனக்கு வயது ஆறு. கராச்சர்மாவில் எங்கள் வீட்டின் பின்புறம் தகரக் கூரை வேய்ந்த சாய்ப்பு ஒன்று உண்டு. அதில் ஒரு பட்டறை அமைக்கச் சென்ற ஆண்டு தொடங்கினேன். கடல்நீர் மாதிரிகளைக் கலக்க ஒரு கருவி வேண்டியிருந்தது; விலைக்கு வாங்கப் பணமில்லை. பழைய மேசை விசிறியின் மோட்டாரைக் கொண்டு செய்ய முனைந்தேன். இத்தீவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும். உப்புக் காற்றில் புது அரம் ஒரே மாதத்தில் துருவேறிற்று. சிறிய பேரிங் ஒன்று சென்னையிலிருந்து கப்பலில் வந்து சேரும்வரை வேலை நின்றது. வந்தது, அளவு வேறு! மறுபடியும் எழுதி, மறுபடியும் காத்திருந்தேன். ஈயம் உருகும் வேளை பார்த்து மின்சாரம் போகும். முதுகலை படிக்கும் பிள்ளை இப்படி எண்ணெய்க் கையோடு திரிவதா என்று உறவினர் அப்பாவிடம் குறைபட்டனர். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, தம் பழைய பிடிக்கருவியைச் சாய்ப்பில் கொண்டுவந்து பொருத்தி வைத்திருந்தார். ஒரு மாலை அந்தக் கருவி 40 நிமிடம் இடைவிடாது சுழன்றது. அம்மா அடுப்பை விட்டு வந்து பார்த்துவிட்டு, இதில் மாவாட்ட முடியுமா என்று கேட்டார்கள்!

நாயுடுவிடம் திரும்புவோம். பருத்தித் தொழிலில் பொருள் ஈட்டினார். பம்பாய்ப் பருத்தி வணிகத்தில் அதை இழந்தார். தோல்வியோடு திரும்பியவருக்குக் கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரை கைகொடுத்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்து ஓடியது, ஓட்டுநரும் அவரே. அந்த ஒன்று ஒரு நிறுவனமாகி, 1930களில் ஏறத்தாழ 280 பேருந்துகளாகப் பெருகியது. வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையே அவருக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

1937இல் பீளமேட்டில், பாலசுந்தரம் நாயுடுவின் துணையோடு, இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டார் என்று போற்றப்படும் மோட்டார் பிறந்தது. அந்தப் பெருமையில் பாலசுந்தரத்தின் பங்கைப் பலர் மறந்துவிடுகின்றனர், அது முறையன்று. கோவை பின்னாளில் மோட்டார்களுக்கும் பம்புகளுக்கும் நாடெங்கும் பெயர் பெற்றது. உலர் மின்கலத்தில் ஓடும் சவரக் கருவி, மலிவு விலை வானொலி எனப் புதியன பலவும் செய்தார். ஐரோப்பா சென்றபோது, 1936இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கருவியால் படம் பிடித்தும் வந்தார்.

1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற அவர் பொருளும் உழைப்பும் தந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுவே. பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் வேண்டா, பட்டறையில் பழகினால் இரண்டே போதும் என்பது அவர் கொள்கை. அரசு இசையவில்லை, அவர் விலகினார். இதில் நான் முற்றும் அவர் பக்கம் இல்லை. கணக்கும் கோட்பாடும் ஊறுவதற்குக் காலம் வேண்டும். ஆனால், நான்கு ஆண்டு படித்தும் ஒரு மோட்டாரைத் திறந்து பாராத பட்டதாரிகளை நினைக்கும்போது, அவர் சினம் புரிகிறது.

1952இல் இருவர் செல்லத்தக்க சிறு காரை 2,000 ரூபாய் விலையில் தர முன்வந்தார். உரிமம் கிட்டவில்லை. வரிக் கொள்கையைக் கண்டித்துத் தாம் செய்த பொருள்களை மக்கள் முன்னிலையில் உடைத்து நொறுக்கியதும் உண்டு. அச்செய்தியைப் படித்தபோது என் நெஞ்சு நொந்தது. அரசின் மீது கொண்ட கோபத்திற்கு, ஆக்கிய கைகளே அழிக்க வேண்டுமா? அந்த வானொலிப் பெட்டிகள் ஏழைப் பள்ளிகளுக்குப் போயிருக்கலாகாதா? பெரியோர் செய்தமையால் மட்டும் ஒரு செயல் சரியாகிவிடாது.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் நினைவைப் போற்றும் தொழிற் கண்காட்சியும், 2015இல் திறந்த கார் காட்சியகமும் உள்ளன. விடுமுறைக்குக் கப்பலேறிச் சென்னை செல்லும் நண்பர்கள், ஓர் இரவு இரயிலில் கோவைக்கும் போய் வாருங்கள். அப்படியே அங்குள்ள கடைத்தெருவில் நல்ல பேரிங் கிடைத்தால், எனக்கும் இரண்டு வாங்கி வாருங்கள். அளவு எழுதித் தருகிறேன்.