வேகப்பந்து வீரர் வால்டர் ஜான்சன்



நான் கிரிக்கெட்டில் வேகப்பந்து போடுறவன். போன மாதம் என் பந்து எகிறி நண்பனின் தோளில் பட்டுவிட்டது. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. இனி மெதுவாகத்தான் போடணும்னு நினைத்தேன். அப்போதுதான் வால்டர் ஜான்சனைப் பற்றிப் படித்தேன்.

இவர் 1887-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1907 முதல் 1927 வரை வாஷிங்டன் பேஸ்பால் அணிக்காக மட்டுமே ஆடினார். அவர் பெற்ற வெற்றிகள் 417. எதிரணிக்கு ஒரு ஓட்டம்கூடத் தராமல் முடித்த ஆட்டங்கள் 110. இந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கல!

பேஸ்பாலில் பந்து தரையில் குத்தாமல் நேரே மட்டைக்காரரிடம் போகும். வேகப்பந்துக்கு வழக்கமாகச் சொல்லித்தரும் பிடி இதுதான்: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே மேலே இருக்கணும், கட்டைவிரல் கீழே. உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் வேகம் குறைந்துடும். விரல்களில் லேசாகப் பிடிக்கணும். விடும்போது இரு விரல்களும் தையலை இழுத்துவிடும். பந்து பின்பக்கமாகச் சுழன்று, சீக்கிரம் தாழாமல் பாயும். ஜான்சனுக்கு நீளமான கைகள். பக்கவாட்டில் சாட்டை மாதிரி வீசுவார். 1917-இல் தோட்டாவின் வேகத்தை அளக்கும் ஆய்வுக்கூடத்தில் அவர் பந்தை அளந்தார்கள். வினாடிக்கு 134 அடி! அதாவது மணிக்குச் சுமார் 147 கி.மீ.

அப்போதெல்லாம் தலைக்கவசம் கிடையாது. தன் பந்து பட்டு யாராவது செத்துடுவாங்களோ என்று அவருக்குப் பயம். ஆளைப் பார்த்து வேணும்னே எறிய மாட்டார். இது தெரிந்து டை காப் என்ற பெரிய ஆட்டக்காரர் இன்னும் கிட்டே நெருங்கி நின்று ஆடுவாராம்! அப்படியும் 205 தடவை பந்து ஆள்மேல் பட்டிருக்கு. 1920-இல் வேறொருவர் எறிந்த பந்து தலையில் பட்டு ரே சாப்மன் என்ற வீரர் இறந்தே போனார். ஜான்சனின் பயம் வீண் பயம் இல்லை.

ஆனாலும் அவர் வேகத்தை விடவில்லை. 1924 உலகத் தொடரில், 36 வயதில், இரண்டு ஆட்டங்களில் தோற்றார். கடைசி ஆட்டத்தில் பாதியில் வந்து 4 இன்னிங்ஸ் ஓட்டமே தராமல் எறிந்தார். வாஷிங்டன் முதன்முறையாகக் கோப்பையை வென்றது! 1946-இல் மறைந்தார்.

நானும் நண்பனிடம் மன்னிப்புக் கேட்டுட்டேன். வேகமாகத்தான் போடப்போறேன். ஆனா ஸ்டம்பைப் பார்த்து மட்டும்!

– 9-ஆம் வகுப்பு மாணவன்