தாழிடாத கதவு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

1893-ஆம் ஆண்டில் புனே நகரத்தையே கலக்கிய வழக்கு ஒன்று உண்டு. அது நீதிமன்றம் ஏறிய வழக்கன்று. கிறித்தவரான ஓர் அம்மையார் தம் அறையில் மகளுடன் விவிலியம் ஓதி வழிபடும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டுமா, திறந்தே வைக்கலாமா என்பதுதான் வழக்கு. அம்மையார் கதவைச் சாத்த மறுத்தார். அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. அவரே பண்டித ரமாபாய்.

1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்னும் காட்டுப் பகுதியில் பிறந்தவர் ரமாபாய். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய வடமொழிப் புலவர். அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. தம் இளம் மனைவி லட்சுமிபாய்க்கு வடமொழி கற்பித்தார். பெண்ணுக்குக் கல்வியா என்று சாதியார் சீறினர். அவர் மனைவியுடன் காட்டில் குடியேறிவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிறந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த எனக்கு, இந்த ஒரு செய்தியைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போகவே சிறிது நேரமாயிற்று.

தாயிடம் பயின்ற ரமாபாய், பன்னிரண்டு வயதுக்குள் புராணங்களில் 18,000 சுலோகங்களை மனப்பாடம் செய்தார் என்பர். கோயில் கோயிலாகச் சென்று புராணம் ஓதுவதே குடும்பத்தின் பிழைப்பு. பிறகு பஞ்சம் வந்தது. கையிலிருந்தவை எல்லாம் விற்றுத் தீர்ந்தன. உடலுழைப்புக்குப் பழகாத குடும்பம். பிச்சை கேட்கவோ நா எழவில்லை. தந்தை, தாய், தமக்கை என ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். எஞ்சிய அண்ணனும் தங்கையும் கால்நடையாகவே நாட்டைச் சுற்றி 1878-இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்கே அறிஞர்கள் கூடி அவருடைய புலமையைச் சோதித்து, ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை வழங்கினர். பெண்ணொருத்திக்கு அக்காலத்தில் இது எத்தகைய பெருமை!

1880-இல் அண்ணனும் இறந்தார். அதே ஆண்டில் விபின் பிகாரி மேத்வி என்னும் வங்காள வழக்கறிஞரைச் சாதி கடந்து பதிவுத் திருமணம் செய்துகொண்டார் ரமாபாய். இரண்டாண்டு முடிவதற்குள் வாந்திபேதி கணவரைக் கொண்டுபோயிற்று. கைக்குழந்தை மனோரமாவுடன் அவர் புனேவுக்கு வந்தபோது, ரானடே முதலிய சீர்திருத்தப் பெரியோர் அவரைக் கொண்டாடினர். அவர் ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார். 1882-இல் ஹண்டர் கல்விக் குழுவின்முன் சாட்சியம் அளித்து, பெண் மருத்துவர்களின் தேவையை வலியுறுத்தினார். மருத்துவம் பயில வேண்டும் என்ற வேட்கையால், தாம் எழுதிய ‘ஸ்திரீ தர்ம நீதி’ என்னும் நூலின் வருவாயைக் கொண்டு 1883-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஆனால், செவிப்புலன் குன்றிவந்தமையால் மருத்துவக் கனவு கனவாகவே நின்றது.

அவ்வாண்டு செப்டம்பர் 29-ஆம் நாள், வாண்டேஜ் என்னும் ஊரில் கிறித்தவக் கன்னியரின் இல்லத்தில் தங்கியிருந்த அவர், மகளுடன் ஞானஸ்நானம் பெற்றார். கைவிடப்பட்ட பெண்களை அக்கன்னியர் அரவணைத்து வாழ்வளித்த காட்சி அவர் உள்ளத்தைத் தொட்டிருந்தது. செய்தி புனேவை எட்டியதும் நேற்றுவரை போற்றியவர்கள் தூற்றினர். துணிந்து அவருக்காகப் பேசிய மிகச் சிலருள் மகாத்மா ஜோதிராவ் புலே ஒருவர்.

சரி, கிறித்தவர்களாவது அவரை முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டார்களா? அதுவும் இல்லை. விவிலியத்தைத் தாமே படித்துத் தாமே பொருள் காண விரும்பினார் அவர். ஆயர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட மறுத்தார். தமக்கு அளித்த சிலுவையில் இலத்தீன் எழுத்து இருப்பதைக் கண்டு, வடமொழியில் ஏன் இருக்கலாகாது என்று வாதிட்டார். புலால் உண்ணவில்லை. ஆண் மாணவர்க்கு அவர் பாடம் சொல்வது தகாது என ஆயர்கள் தடுத்தபோது அதையும் எதிர்த்தார். ஞானத்தாயாக விளங்கிய ஜெரால்டின் என்னும் கன்னியரோடு அவர் கடிதங்களில் நடத்திய போர் சுவையானது, வேதனையானதுங்கூட. ஊரார்க்கு அவர் துரோகி. திருச்சபையார்க்கோ அடங்காத பிள்ளை.

அமெரிக்கா சென்று, இந்தியக் கைம்பெண்களின் துயரை நூலாக எழுதி, அங்குள்ளோர் திரட்டிய பொருளுடன் திரும்பினார். 1889 மார்ச் 11-இல் பம்பாயில் ‘சாரதா சதன்’ என்னும் கைம்பெண்கள் பள்ளி தொடங்கியது. அடுத்த ஆண்டு அது புனேவுக்கு மாறியது. அங்கே மதப் பிரசாரம் இல்லை என்பது ஏற்பாடு. மாணவியர் தத்தம் ஆசாரப்படி உண்ணவும் வழிபடவும் உரிமை இருந்தது. முதலில் சேர்ந்த கைம்பெண்களுள் ஒருவரான கோதுபாய், பின்னர் பேராசிரியர் கார்வேயை மணந்து இந்துவாகவே வாழ்ந்தார்.

ஆனால், அறைக் கதவு திறந்திருந்தது. சில சிறுமியர் தாமாகவே உள்ளே வந்து அமர்ந்தனர். திலகரின் ‘கேசரி’ ஏடு கடுமையாகத் தாக்கிற்று. ஆலோசனைக் குழுவிலிருந்த ரானடேயும் பண்டார்க்கரும் 1893-இல் விலகினர். ஏறத்தாழ 25 பெண்களை உறவினர் அழைத்துச் சென்றுவிட்டனர். அவர்களிற் பலருக்குக் காத்திருந்தது பழைய அடுப்பங்கரை மூலைதான்.

எதிர்த்தவர்களை வில்லன்களாக்கி எழுதுவது எளிது; நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. மதச்சார்பற்ற பள்ளி என்று நம்பிப் பிள்ளையை அனுப்பியவரின் அச்சம் பொய்யச்சம் அன்று. பிற்காலத்தில் மதம் மாறிய மாணவியரும் உண்டு. அம்மையார் தரப்பிலும் நியாயம் இருந்தது. இந்துப் பெண்ணொருத்தி தன் வீட்டில் பூசை செய்யும்போது கதவைச் சாத்துகிறாளா என்பதே அவர் கேள்வி. அந்தக் கதவைச் சாத்தியிருந்தால் பள்ளி நிறைந்திருக்கும்; பெரியோரின் ஆதரவும் நிலைத்திருக்கும். அவர் சாத்தவில்லை. 25 பெண்களின் கல்வி அந்த முடிவில் அடங்கியிருந்தது என்பதை அவர் அறியாதவரல்லர். இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் இரு பக்கமும் ஆடுகிறது.

1896-97-இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவர் வாளாவிருப்பாரா? நேரில் சென்று நூற்றுக்கணக்கான பெண்களை மீட்டு வந்தார். பழமரத் தோப்புக்கென்று புனேவுக்கு அப்பால் கேட்காவில் வாங்கியிருந்த நிலம் ‘முக்தி’ இல்லமாயிற்று. 1900-ஐ ஒட்டி அங்கே வாழ்ந்தோர் ஆயிரத்துக்கும் மேல். நெசவு, தையல், தோட்டவேலை, அச்சுத்தொழில் என எல்லாம் அங்கே பெண்கள் கையில்.

இறுதி ஆண்டுகளில் அவர் விவிலியத்தை எபிரேயம், கிரேக்கம் ஆகிய மூலமொழிகளிலிருந்து எளிய மராத்தியில் பெயர்க்கலானார். தமக்குப் பின் இல்லத்தைத் தாங்குவாள் என்று நம்பியிருந்த மனோரமா, 1921 ஜூலையில் தாய்க்கு முன்னரே கண்மூடினாள். காது ஏறத்தாழ முற்றும் கேளாத நிலையிலும் அம்மையார் மொழிபெயர்ப்பைக் கைவிடவில்லை. 1922 ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அந்நூலுக்கு முக்தி அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்கள் அங்கு வளர்ந்த பெண்கள்.