விதியை மதித்த வீரர்

கெடா மாநிலத்து லங்காவித் தீவின் பெயர் தாங்கிய மிதிவண்டிப் பந்தயம் 1996ஆம் ஆண்டில் தொடங்கியது. அதனினும் மிகப் பழமையானது 1903இல் தொடங்கிய பிரான்சு நாட்டுப் பந்தயம். அதில் அழியாப் புகழ் பெற்றவர் யூஜின் கிறிஸ்தோப்.

அவர் 1885ஆம் ஆண்டு பாரிசு நகரை அடுத்த மலக்கோப் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் பூட்டுச் செய்யும் தொழிலைப் பயின்றார்.

1913ஆம் ஆண்டுப் பந்தயத்தில் வெற்றி வாய்ப்புடன் விரைந்தார். தூர்மலே என்னும் மலையிலிருந்து இறங்குகையில், முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கவை முறிந்தது. பழுதை வீரரே நீக்கவேண்டும். பிறர் உதவி பெறலாகாது என்பது அக்கால விதி. கிறிஸ்தோப் மனம் தளரவில்லை. வண்டியைச் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். சிற்றூர் ஒன்றின் கொல்லுப் பட்டறையில், நடுவர்கள் பார்த்து நிற்க, தம் கையாலேயே கவையைச் சீர்செய்தார். சிறுவன் ஒருவன் துருத்தி மட்டும் ஊதினான். அதுவும் பிறர் உதவியே என்று நடுவர்கள் பத்து நிமிடம் தண்டம் விதித்தனர். பின்னர் மூன்றாகக் குறைத்தனர். பல மணி நேரம் பின்தங்கியும் அவர் பந்தயத்தைக் கைவிடாது ஏழாம் இடம் பெற்றார்.

முன்னணி வீரருக்குரிய மஞ்சள் சட்டையை 1919இல் முதன்முதலாக அணிந்தவரும் அவரே. 1970இல் மறையும்வரை அவர் அப்பந்தயத்தின் பட்டத்தை வென்றதில்லை.

மாணவர்களே! அக்கடுமையான விதி பின்னாளில் தளர்த்தப்பட்டது. பொருந்தா விதியை மாற்றலாம்; மாறும்வரை அது யாவர்க்கும் பொதுவன்றோ!