அகல்யாபாய் அம்மையார்

காசியம்பதியில் விசுவநாதப் பெருமானைத் தரிசித்து மீண்டோர் நம்மவருட் பலர். அத்திருக்கோயிலை எடுப்பித்தவர் யாவர் என வினவின், அவருள் விடை கூறுவார் சிலரே. பழைய ஆலயம் ஒளரங்கசீப்பின் ஆணையால் 1669 ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டபின், நூறாண்டுக்கு மேல் குறையாய்க் கிடந்த திருப்பணியை 1780 ஆம் ஆண்டில் நிறைவேற்றியவர், மாளவ தேசத்தை ஆண்ட அகல்யாபாய் ஹோல்கர் என்னும் அரசியாராவர். ஆலயங்களை எடுப்பித்தவர் என்னுமளவில் அவரை அறிந்தாரும், அவர் சுமந்த துயரத்தின் அளவை அறிந்திலர். ஆதலின் அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

இவர் 1725 ஆம் ஆண்டிலே, மகாராட்டிர தேசத்துச் சோண்டி என்னும் சிற்றூரில், ஊர்த்தலைவராயிருந்த மாங்கோஜி சிந்தே என்பவருக்குப் புதல்வியாய்ப் பிறந்தார். மராட்டியப் படைத்தலைவராய் உயர்ந்து மாளவத்திற் பெருநிலம் பெற்ற மல்ஹார்ராவ் ஹோல்கர், இச்சிறுமியை 1733 ஆம் ஆண்டில் தம் ஒரே மைந்தர் கண்டேராவுக்கு மணஞ்செய்வித்தார். மாலேராவ் என்னும் புதல்வனும் முக்தாபாய் என்னும் புதல்வியும் பிறந்தனர்.

1754 ஆம் ஆண்டிற் கும்பேர்க் கோட்டையை மராட்டியர் முற்றுகையிட்டபோது, கண்டேராவ் பீரங்கிக் குண்டு பட்டு மாண்டார். முப்பது பிராயமும் நிரம்பாத அகல்யாபாய் அக்கால வழக்கப்படி உடன்கட்டையேறத் துணிந்தனர். மல்ஹார்ராவோ, முதுமையில் மகனை இழந்த தமக்கு இனி மகனாயிருப்பவர் அவரே என்று சொல்லிக் கண்ணீர் விட்டு இரந்தனர். அம்மையார் தம் எண்ணத்தை விடுத்தார். தீப்பாய்ந்தாளை உலகம் தெய்வமென்று கொண்டாட ஆயத்தமாயிருந்தது. உயிர் தரித்திருந்தாளுக்கோ வெள்ளைச் சேலையும் மூலையிருப்புமே உரிமை. அந்நாளில் இறத்தற்கு வேண்டிய துணிவினும் இருத்தற்கு வேண்டிய துணிவு பெரிதென்பது எம் கருத்து.

மல்ஹார்ராவ் மருமகளை மூலையில் இருத்தினாரல்லர். தாம் போர்மேற் செல்லும்போதெல்லாம் வரி வாங்குதல், வழக்குத் தீர்த்தல், படைக்கு உணவும் பீரங்கியும் அனுப்புதல் ஆகிய கருமங்களை அவர்பால் ஒப்புவித்தார். 1766 ஆம் ஆண்டில் அவரும் இறந்தார். பட்டத்துக்கு வந்த மாலேராவ் சித்தசுவாதீனம் குன்றியவன். ஓராண்டு நிறையுமுன் 1767 இல் அவனும் இறந்தான். பதின்மூன்றாண்டுகளுள்ளே கொழுநனும் மாமனும் மைந்தனும் ஆகிய மூவரையும் அம்மையார் இழந்தார்.

ஆண் துணையற்ற அரசைக் கைப்பற்றுதல் எளிதென்றெண்ணினான் அமைச்சனாகிய கங்காதர் யசுவந்த். சிறுவனொருவனைச் சுவீகாரம் பண்ணித் தன் கையில் ஆட்சியை விடுமாறு அம்மையாரை வற்புறுத்தினான்; அவர் மறுக்கவே, பேஷ்வா மாதவராவின் சிறிய தந்தையாகிய ரகுநாதராவைப் படையோடு வருவித்தான். ஓர் அரசனுக்கு மனைவியும் மற்றோர் அரசனுக்குத் தாயுமாகிய தமக்கே சுவீகாரம் பற்றித் தீர்மானிக்கும் உரிமை உண்டென்று அம்மையார் அறிவித்தார். அயலரசர்க்குத் திருமுகம் போக்கினார். தம் யானையின் அம்பாரியிலே நான்கு மூலையிலும் வில்லும் அம்புக்கூடும் கட்டுவித்தார். ஒரு விதவையோடு பொருது வென்றாலும் புகழில்லை, தோற்றாலோ தீராப் பழியாம் என்று ரகுநாதராவுக்குச் சொல்லியனுப்பினார். சிந்தியாவும் போன்சலேயும் ரகுநாதராவுக்குத் துணைவர மறுத்தனர். பேஷ்வாவும் அம்மையார் பக்கமே நின்றார். போரின்றியே அப்படை திரும்பிற்று.

அவ்வாண்டிறுதி தொடங்கி இருபத்தெட்டாண்டு அவர் ஆண்டார். துக்கோஜி ஹோல்கரைப் படைத்தலைவராக்கிப் போர்த்தொழிலை அவர்பால் விட்டுத் தாம் நருமதைக்கரையிலுள்ள மகேசுவரத்தில் இருந்தார். விடியுமுன் எழுந்து சிவபூசை முடித்துப் புராணங் கேட்டு, பிற்பகலிலே திரையின்றி நியாயசபையில் வீற்றிருப்பார். இரவிலும் கருமம் பார்ப்பார். வழிப்பறி செய்த பீலர் என்னும் மலைவாழ்நரை முதலிற் கடிந்தடக்கினார். பின்னர் அம்மலைவழியிற் செல்லும் பொருட்குச் சிறுவரி வாங்கும் உரிமையை அவர்க்களித்து, அவ்வழிகளின் காவலையும் அவரிடமே ஒப்புவித்தார்.

மகவின்றி இறந்த செல்வனொருவனுடைய பொருளைத் துக்கோஜி கவர விரும்பியபோது, அவன் மனைவி இந்தூரிலிருந்து ஓடிவந்து முறையிட்டாள். அப்பொருள் முழுதும் அவளுக்கே உரியதென்று தீர்த்து, படையை ஊரை விட்டகலுமாறு அம்மையார் ஆணையிட்டார். இறைவரியை விட விதவையர் கண்ணீரே அக்காலத்து அரண்மனைகள் பலவற்றை நிரப்பிற்று என்பதை அறிவார்க்கு இதன் அருமை புலனாகும்.

இச்செய்திகளிற் பலவற்றை எழுதிவைத்தவர் மால்கம் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர். வேற்று நாட்டினரும் வேற்றுச் சமயத்தினருமாகிய அவர், இத்துணைப் புகழும் மெய்யோ என்று ஐயுற்று, அம்மையாரை நேரிற் கண்டாரைப் பல்லிடத்தும் வினவினார். வினவுந்தோறும் ஐயம் குறைந்து வியப்பே மிகுந்தது. 1823 ஆம் ஆண்டில் அவர் நூல் வெளிவந்தது.

இனி எழுதவேண்டுவதை எழுத எம் கை கூசுகின்றது. புதல்வி முக்தாபாய்க்கு இருந்த ஒரே மகன் இளமையில் இறந்தான். சிறிது காலங் கழித்து, 1791 ஆம் ஆண்டில், அவள் கணவனும் இறக்கவே, அவள் உடன்கட்டையேற நிச்சயித்தாள். அரசியார் புதல்வியின் காலில் வீழ்ந்தார். அரசாணையால் தடுக்கக் கூடியவர், தாயாய் நின்று இரந்தார். தாய்க்கு முதுமை வந்ததென்றும், அவருக்குப்பின் தான் யாருமின்றி நெடுநாள் வாழ நேருமென்றும் மகள் அமைதியாய் விடையிறுத்தாள். முப்பத்தேழாண்டுக்கு முன் மாமனார் இரந்தபோது அம்மையார் இரங்கினார். அம்மையார் இரந்தபோதோ மகள் இரங்கினாளல்லள். தாயார் மயானம் வரை நடந்து சென்றார். அந்தணர் இருவர் அவர் கைகளைப் பற்றி நின்றனர். தீ எழுந்தபோது ஓலமிட்டுத் தம் கைகளையே கடித்தார். மூன்று நாள் உணவும் உரையுமின்றிக் கிடந்தார். பின் எழுந்து மகளுக்கும் மருமகனுக்கும் நினைவாலயம் ஒன்று எடுப்பித்தார். முன்போலவே நியாயசபைக்கும் வந்தார்.

அவர் திருப்பணிகள் மாளவத்தோடு நின்றில. சோமநாதத்திலே புதுக்கோயில், கயையிலே விட்டுணுபாதக் கோயில், காசியிலே கங்கைப் படித்துறைகள் என்பன அவற்றுட் சில. இராமேசுவரத்திலும் அவர் தருமம் நடந்தது. தென்றிசை ஆலயங்களின் அபிடேகத்துக்குக் கங்கைநீர் அனுப்பி வந்தார்.

1795 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 13 ஆம் நாள், எழுபதாம் பிராயத்தில், மகேசுவரத்தில் அவர் சிவபதமடைந்தார். காசித் திருக்கோயிலின் சிகரத்துக்குப் பொன் வேய்ந்தது பின்னாளிற் பஞ்சாபை ஆண்ட ரஞ்சித்சிங் மன்னர் அளித்த கொடை. அப்பொன்னின் கீழுள்ள கல் அகல்யாபாய் அம்மையார் அடுக்கியது.