நிலவுப் பயணத்துக்கு மின்சாரம் தந்த பேக்கன்

1969-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அப்பல்லோ 11 விண்கலம் சந்திரனுக்குப் பறந்தது. அதில் சென்ற மூவருக்கு மின்சாரம் தந்த சாதனமே குடிதண்ணீரும் தந்தது! அதுதான் எரிபொருள் மின்கலம். அதற்கு வழி வகுத்தவர் தாமஸ் பேக்கன்.

ரகசிய ஆராய்ச்சி

பேக்கன் 1904-ல் இங்கிலாந்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்து, 1925-ல் நியூகாஸில் நகரில் டர்பைன் கம்பெனி ஒன்றில் என்ஜினீயர் ஆனார்.

ஹைட்ரஜனும் பிராணவாயுவும் சேர்ந்தால் தண்ணீர் உண்டாகும். தீ மூட்டாமல் சேர்த்தால் மின்சாரமும் கிடைக்கும். 19-ஆம் நூற்றாண்டிலேயே வில்லியம் குரோவ் இதைச் செய்து காட்டினார். ஆனால் அவர் பயன்படுத்தியவை கந்தக அமிலமும், விலை உயர்ந்த பிளாட்டினமும்.

1932-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரை பேக்கனின் மனத்தை இதில் திருப்பியது. அமிலத்துக்குப் பதில் காரத்தை எடுத்தார். காரம் சாமளாபுரம், திருப்பூர் பக்கத்தாருக்குப் புதிதல்ல. துணியைப் பதப்படுத்தும் காஸ்டிக் சோடாவின் தம்பி போன்றது அவர் எடுத்த காஸ்டிக் பொட்டாஷ். காரத்தில் மலிவான நிக்கலே போதும் என்பது அவர் கணக்கு.

கம்பெனிக்குத் தெரியாமல் சோதனை நடத்தினார். விஷயம் வெளியாயிற்று. சோதனையை விடு, அல்லது வேலையை விடு என்றார்கள். 1940-ல் அவர் வேலையை விட்டார்!

பிராணவாயுவின் பிடிவாதம்

ஹைட்ரஜன் எளிதில் இணங்கும். பிராணவாயு இணங்காது. அதை இணங்க வைக்க ஓர் ஊக்கி தேவை. பெண்ணையும் பிள்ளையையும் சேர்த்துவைத்துத் தான் ஒதுங்கி நிற்கும் கல்யாணத் தரகரைப் போன்றது ஊக்கி.

பேக்கனின் ஊக்கி நிக்கல். 200 டிகிரிச் சூட்டில், மிகுந்த அழுத்தத்தில், பிராணவாயு அந்த நிக்கலையே அரித்தது. தரகரே நோயாளி ஆனால் கல்யாணம் நடக்குமா? நுண்துளைகள் உள்ள நிக்கலை லிதியம் கரைசலில் ஊறவைத்துச் சுட்டெடுத்தார்கள். அரிப்பு அடங்கியது, மின்சாரமும் தடையின்றி ஓடியது.

பலன்

1959-ல் 40 கலங்களை அடுக்கி 6 கிலோவாட் மின்சாரம் எடுத்தார். அதில் வாள் மரம் அறுத்தது. பாரந்தூக்கி வண்டி ஓடியது. உரிமை பெற்ற அமெரிக்கக் கம்பெனி அப்பல்லோவுக்கு மின்கலம் செய்தது. சந்திரனிலிருந்து திரும்பிய வீரர்கள் லண்டனில் பேக்கனைச் சந்தித்து, கையெழுத்திட்ட படம் ஒன்றைப் பரிசளித்தார்கள். 1992-ல் அவர் காலமானார்.

பிளாட்டினத்துக்குப் பதிலாக மலிவான ஊக்கி தேடும் பணி இன்றும் உலகெங்கும் நடக்கிறது. கட்டுரை படித்த நாளிலிருந்து கலங்கள் வேலை செய்த நாள் வரை பேக்கன் காத்திருந்தது 27 ஆண்டுகள். பொறுமைதான் அவருடைய பெரிய மூலதனம்.